என்ன கார் செய்வது என்று யார் முடிவெடுப்பது? அமெரிக்கக் கார் ஆலைகளில் 80 ஆண்டு இழுபறி

1991ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஸ்பிரிங் ஹில் என்ற சிற்றூர். அங்குள்ள சாட்டர்ன் கார் ஆலைக்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் வருகிறார். ஊழியர்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு எதிர்ப்புக் காட்டுகிறார்கள்.

எதற்காக? சம்பள உயர்வுக்காக இல்லை. வேலை நேரத்துக்காகவும் இல்லை. உற்பத்தி எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி நெருக்குவதால் காரின் தரம் கெடுகிறது என்பதுதான் அவர்களின் கோபம்.

தொழிற்சங்கம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பதாகை, கோஷம், வேலைநிறுத்தம். அமெரிக்கக் கார் நிறுவனங்கள் சறுக்கிய கதையைச் சொல்பவர்களில் பலரும் அந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள். சங்கம் கேட்டுக்கொண்டே இருந்தது, நிறுவனங்கள் கொடுத்துக்கொண்டே இருந்தன, கடைசியில் திவால். கதை முடிஞ்சுது.

அவ்வளவு சுலபமா என்ன? சம்பளப் பேச்சுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. எந்தக் காரைச் செய்வது, எந்த ஆலையில் செய்வது, எந்த பிராண்டை மூடுவது? இதையெல்லாம் முடிவு செய்யும் அறையில் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி உண்டா?

ஒருமுறை உண்டு என்றார்கள். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணக்குப் புத்தகத்தைத் திற!

அமெரிக்க வாகனத் தொழிலாளர்களின் சங்கத்துக்குச் சுருக்கப் பெயர் யுஏடபிள்யூ. 1935இல் தொடங்கியது. 1936 டிசம்பர் இறுதியில் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில் அதன் உறுப்பினர்கள் ஒரு புது வேலை செய்தார்கள். வேலைநிறுத்தம் என்றால் வெளியே போய் நிற்பதுதானே வழக்கம்? இவர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே ஆள் இருந்தால் வேறு ஆட்களை வைத்து ஆலையை ஓட்ட முடியாது. 44 நாள் கழித்து, உலகின் ஆகப் பெரிய கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், அதாவது ஜிஎம், சங்கத்தை அங்கீகரித்தது. ஃபோர்டு 1941 வரை பிடிவாதம் பிடித்தது.

அடுத்த பெரிய மோதல் 1945இல். சங்கத்தில் ஜிஎம் பிரிவைக் கவனித்தவர் வால்டர் ருத்தர். அவர் 30 விழுக்காடு சம்பள உயர்வு கேட்டார். அதோடு விடவில்லை. காரின் விலையை ஏற்றாமல் அதைக் கொடுக்க வேண்டும், முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்றார்.

சம்பளம் பேசலாம், விலையும் கணக்கும் உங்கள் வேலை இல்லை என்பது ஜிஎம்மின் பதில். சுமார் 320,000 பேர் 113 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொஞ்சம் சம்பளம் உயர்ந்தது. புத்தகம் திறக்கவில்லை.

1949இல் சங்கத்தின் பத்திரிகை, சிறிய, மலிவான கார் ஒன்றைச் செய்யுங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. பெரிய கார்களில்தான் லாபம் என்று இருந்தவர்கள் காதில் அது விழவில்லை. 20, 25 ஆண்டுகள் கழித்து எரிபொருள் விலை எகிறியபோது ஜப்பானியச் சிறிய கார்கள் அந்தச் சந்தைக்குள் புகுந்தது நமக்குத் தெரியும்.

பிறகு 1950. ஜிஎம்மும் சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டன. விலைவாசிக்கு ஏற்ப உயரும் சம்பளம், ஓய்வூதியம், மருத்துவக் காப்புறுதியில் பங்கு எல்லாம் தொழிலாளிக்கு. பதிலுக்கு ஆலையில் அமைதி. என்ன தயாரிப்பது, எப்படித் தயாரிப்பது என்பது முழுக்க நிறுவனத்தின் கையில். இதற்கு 'டெட்ராய்ட் உடன்படிக்கை' என்றே பெயர் வந்துவிட்டது.

அன்றைக்கு அது நல்ல பேரம்தான். அமெரிக்காவில் விற்கும் கார்களில் ஏறக்குறைய பாதி ஜிஎம்முடையது. படிப்பு அதிகம் இல்லாத ஒருவர் ஆலை வேலையிலேயே வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, நிம்மதியாக ஓய்வுபெறலாம். ஆனால் ஒரு சிக்கல் அதற்குள்ளேயே இருந்தது.

இதை நம் ஊர்க் கண்ணால் பாருங்கள். சிங்கப்பூரில் உங்கள் மத்திய சேமநிதிப் பணம் உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் வேலை மாறினால் அதுவும் கூடவே வரும். பழைய முதலாளி கடையை மூடினாலும் சேர்த்த பணம் போகாது. அமெரிக்கக் கார்த் தொழிலாளியின் ஓய்வூதியமும் மருத்துவமும் நிறுவனத்தின் தலையில் இருந்தன. நாடு முழுவதற்குமான மருத்துவக் காப்புறுதி வேண்டும் என்று ருத்தர் கேட்டுப் பார்த்தார். அது நடக்காததால்தான் நிறுவனங்களிடம் கேட்டார்.

விளைவு? 2000களில் ஜிஎம்மில் வேலை செய்பவர்களைவிட ஓய்வுபெற்றவர்கள் பல மடங்கு அதிகம். ஒரு காருக்குச் சுமார் 1,500 டாலர் மருத்துவச் செலவே ஆகிறது என்று ஜிஎம் தலைவர்கள் சொன்னார்கள். 2008இல் கார்த் தொழிலாளி ஒரு மணி நேரத்துக்கு 70 டாலருக்கும் மேல் வாங்குகிறார் என்று ஒரு எண் ஊடகங்களில் சுற்றியது. கையில் கிடைத்த சம்பளம் சுமார் 28 டாலர்தான். மற்றச் சலுகைகளோடு, ஓய்வுபெற்ற லட்சக்கணக்கானோரின் செலவையும் சேர்த்து, வேலை செய்பவர்களின் மணி நேரத்தால் வகுத்தால் அந்தப் பெரிய எண் வரும். வாட்ஸ்அப்பில் பரவ வசதியான எண்!

சங்கத்தின் மீது தவறே இல்லையா என்றால், இருக்கிறது. 'ஜாப்ஸ் பேங்க்' என்ற ஏற்பாட்டில், வேலை இல்லாமல் ஆலை மூடியிருந்தாலும் ஆயிரக்கணக்கானோர் ஏறக்குறைய முழுச் சம்பளம் வாங்கினார்கள். ஆட்குறைப்பைத் தடுக்க வந்த திட்டம், கடைசியில் சங்கத்தின் பெயரைத்தான் கெடுத்தது.

அதே தொழிலாளி, வேறு ஆலை

ஜப்பானிய கார் நல்ல கார், அமெரிக்கத் தொழிலாளி சோம்பேறி என்ற பேச்சு 1980களில் பரவலாக இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமோண்ட் நகரில் ஜிஎம்முக்கு ஓர் ஆலை. மோசமான ஆலை என்று பெயர் எடுத்தது. ஆட்கள் சரியாக வேலைக்கே வர மாட்டார்கள். 1982இல் மூடினார்கள். 1984இல் ஜிஎம்மும் டொயோட்டாவும் கூட்டாக அதைத் திறந்தன. பழைய ஊழியர்களில் பெரும்பாலோரையே திரும்ப எடுத்தார்கள். அதே சங்கம்தான். நிர்வாக முறை மட்டும் டொயோட்டாவுடையது. பிரச்சினை தெரிந்தால் எந்த ஊழியரும் கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையை நிறுத்தலாம்.

சீக்கிரமே ஜிஎம்மின் ஆகச் சிறந்த தரமுள்ள ஆலைகளில் ஒன்றாக அது மாறியது. தொழிலாளிகள் மாறவில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்கும் ஆள் வந்தார், அவ்வளவுதான். அந்த ஆலை இப்போது டெஸ்லாவிடம் இருக்கிறது. அங்கே இப்போது சங்கம் இல்லை.

சாட்டர்ன்: நாற்காலி கிடைத்த கதை

ஃப்ரீமோண்டில் முறையைச் சொல்லிக் கொடுத்தது டொயோட்டா. நாமே அப்படி ஒன்றைச் செய்ய முடியாதா என்று ஜிஎம்மில் சிலர் யோசித்தார்கள். சங்கத்திலும் சிலர் யோசித்தார்கள். மேலாளர்களும் சங்கத்தினருமாக 99 பேர் கொண்ட குழு உலகம் முழுக்கச் சுற்றி நிறுவனங்களைப் பார்த்துவிட்டு வந்தது. 1985இல் புது நிறுவனம் அறிவிக்கப்பட்டது. பெயர் சாட்டர்ன். 5 பில்லியன் டாலர் திட்டம்.

சங்கத்துடன் போட்ட ஒப்பந்தம் 28 பக்கம்தான். ஜிஎம்மின் வழக்கமான ஒப்பந்தம் நூற்றுக்கணக்கான பக்கம் போகும். ஆலை ஊழியருக்குப் பல பதவிப் பெயர்கள் கிடையாது. சம்பளத்தில் ஒரு பகுதி, தரத்தையும் பயிற்சியையும் பொறுத்தது. ஊழியர்கள் தரப்பில் அது பெரிய விட்டுக்கொடுப்பு.

பதிலுக்குக் கிடைத்ததுதான் விசேஷம். மேலாளர் ஒருவர் இருக்கும் இடத்தில் சங்கத்தின் சார்பில் ஒருவரும் சமமாக உட்கார்ந்தார். உதிரிபாகம் யாரிடம் வாங்குவது, எந்த விளம்பர நிறுவனத்தை எடுப்பது என்பது வரை சங்கம் கூடவே இருந்து முடிவு செய்தது.

1990இல் முதல் கார் வெளிவந்தது. தொழில்நுட்பத்தில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. எஞ்சின் சத்தம் கொஞ்சம் அதிகம் என்றுகூடக் குறை சொன்னார்கள். ஆனால் ஷோரூமில் பேரம் கிடையாது. ஒட்டியிருக்கும் விலைதான் விலை. அமெரிக்காவில் கார் வாங்கியவர்களைக் கேளுங்கள், பேரம் பேசுவது அங்கே எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்வார்கள்.

1991இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களில் தவறான குளிர்விப்புத் திரவம் நிரப்பப்பட்டது தெரிந்தது. வழக்கமாக என்ன செய்வார்கள்? கொண்டு வாங்க, சரிபார்த்துத் தருகிறோம் என்பார்கள். சாட்டர்ன் வேறு புதிய காரையே கொடுத்தது. 1994 கோடையில் கார் உரிமையாளர்களை ஆலைக்கு விருந்துக்குக் கூப்பிட்டபோது பல்லாயிரம் பேர் ஸ்பிரிங் ஹில்லுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு சாதாரணச் சிறிய காருக்கு! அந்த ஆண்டு 280,000க்கும் மேற்பட்ட சாட்டர்ன் கார்கள் விற்றன.

சரி, அப்புறம் என்ன ஆச்சு?

புது மாடல் வரவில்லை. பணம் எல்லாம் சாட்டர்னுக்கே போகிறது என்று செவர்லே, போண்டியாக் போன்ற ஜிஎம்மின் மற்றப் பிரிவுகளுக்குப் பொறாமை. தங்கள் ஆலைகள் மூடப்படும்போது அங்கே மட்டும் முதலீடா என்று மற்ற ஊர்களின் சங்க உறுப்பினர்களுக்கும் கோபம். சாட்டர்னை ஆதரித்த சங்கத் தலைவர்கள் ஓய்வுபெற்றுப் போக, புதிதாக வந்தவர்களுக்கு அந்தச் சிறப்பு ஒப்பந்தத்தில் பிடிப்பே இல்லை. 10 ஆண்டுக்கும் மேலாக ஏறக்குறைய அதே சிறிய காரையே விற்க வேண்டியிருந்தது. மக்களோ எஸ்யூவி பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

2000ஆம் ஆண்டு மாடலாக வந்த பெரிய சாட்டர்ன் கார், ஐரோப்பாவின் ஓப்பல் காரை அடிப்படையாகக் கொண்டது. அதைச் செய்தது ஸ்பிரிங் ஹில் இல்லை, டெலவேர் மாநிலத்தில் இருந்த ஆலை. அதாவது ஆலைக்குள் எப்படிச் செய்வது என்பதில் ஊழியர்களுக்கு நாற்காலி இருந்தது. அடுத்து எந்தக் காருக்குப் பணம் ஒதுக்குவது என்ற பேச்சு டெட்ராய்ட்டில் நடந்தது. அந்த அறையில் அவர்கள் இல்லை.

2003 டிசம்பரில் ஸ்பிரிங் ஹில் உறுப்பினர்களே வாக்களித்துத் தங்கள் 28 பக்க ஒப்பந்தத்தைக் கைவிட்டார்கள். மற்ற ஆலைகளைப் போன்ற வழக்கமான ஒப்பந்தமே போதும் என்றார்கள். என்னைக் கேட்டால், சாட்டர்ன் என்ற யோசனை செத்தது அன்றைக்குத்தான். பிராண்ட் மட்டும் இன்னும் சில ஆண்டுகள் ஓடியது.

2009இல் பங்கு விலை இல்லை, வேலை

2009 ஏப்ரல் 30இல் கிரைஸ்லர் திவால் மனு கொடுத்தது. ஜூன் 1இல் ஜிஎம். அரசாங்கம் பணம் போட்டுக் காப்பாற்றியது. அமெரிக்காவில் ஜிஎம் நடத்திவந்த எட்டு பிராண்டுகளில் செவர்லே, காடிலாக், பியூக், ஜிஎம்சி ஆகிய நான்கு மிஞ்சின. போண்டியாக், ஹம்மர், சாப், சாட்டர்ன் பட்டியலில் இருந்து போயின. பியூக் தப்பித்ததற்குக் காரணம் அமெரிக்கா இல்லை, சீனா. அங்கே அதற்கு நல்ல மவுசு.

சாட்டர்னை வாங்க பென்ஸ்கி நிறுவனம் முன்வந்தது. கார்களைச் செய்து தர வேறொரு நிறுவனம் தேவைப்பட்டது. ரெனோவுடன் பேச்சு நடந்தது. அது கைகூடாமல் 2009 செப்டம்பரில் எல்லாம் முறிந்தது. அடுத்த ஆண்டு சாட்டர்ன் மறைந்தது.

தொழிலாளிகள் கொடுத்த விலை வேறு மாதிரி. 2007 ஒப்பந்தத்திலேயே 'இரண்டு அடுக்கு' சம்பளம் வந்துவிட்டது. புதிதாகச் சேர்பவருக்கு மணிக்குச் சுமார் 14 டாலர். பக்கத்தில் நிற்கும் மூத்தவருக்குச் சுமார் 28 டாலர். ஒரே வரிசை, ஒரே வேலை, ஒரே கதவைப் பூட்டுகிறார்கள். உங்களுக்குப் பாதிச் சம்பளம், ஏன் என்றால் நீங்கள் தாமதமாகப் பிறந்துவிட்டீர்கள். திவாலின்போது, விலைவாசிக்கு ஏற்ப உயரும் சம்பளமும் போனது.

சங்கம் இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டது. வேலையாவது மிஞ்சட்டும் என்ற கணக்கு. ஆனால் பழைய உறுப்பினரைக் காப்பாற்றப் புதியவரைப் பலி கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது. 1979இல் சுமார் 1.5 மில்லியன் உறுப்பினர்கள் இருந்த சங்கம் 400,000க்கும் கீழே சுருங்கியது. போதாக்குறைக்கு, முன்னாள் தலைவர்கள் இருவர் சங்கப் பணத்தைக் கையாடியதற்காகச் சிறைக்குப் போனார்கள்.

2023: மறுபடியும் அதே கேள்வி

அந்த ஊழலுக்குப் பிறகு உறுப்பினர்கள் முதன்முறையாக நேரடியாக வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2023 மார்ச்சில் வந்தவர் ஷான் ஃபெய்ன். செப்டம்பர் 15இல் ஜிஎம், ஃபோர்டு, ஸ்டெலாண்டிஸ் மூன்றிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம். எல்லா ஆலைகளையும் நிறுத்தவில்லை. அடுத்து எந்த ஆலை என்று கடைசி நேரம் வரை சொல்லாமல் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். நிறுவனத்தால் திட்டமிட முடியாது. சங்கத்தின் வேலைநிறுத்த நிதியும் சீக்கிரம் கரையாது. அதிபர் ஜோ பைடன் மறியல் செய்தவர்களோடு வந்து நின்றார். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை.

ஆறு வாரத்தில் உடன்பாடு. 2028 வரை மொத்தம் 25 விழுக்காடு சம்பள உயர்வு, அதில் 11 விழுக்காடு உடனே. உச்சச் சம்பளத்தை எட்ட எட்டு ஆண்டுக்குப் பதில் மூன்று ஆண்டு. விலைவாசிப் படியும் திரும்ப வந்தது. சில வாரத்துக்குள் சங்கமே இல்லாத ஹோண்டா, டொயோட்டா, ஹியூண்டே ஆலைகளிலும் சம்பளம் உயர்ந்தது. பக்கத்து வீட்டில் மழை பெய்தால் நம் வாசலும் நனையும்தானே!

தலைப்புச் செய்தி அந்த 25 விழுக்காடுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பெல்விடியர்.

இல்லினாய் மாநிலத்தில் இருக்கும் பெல்விடியர் ஆலையில் ஜீப் செரோக்கி தயாரானது. ஜீப், கிரைஸ்லர், டாட்ஜ், ராம் என்று 14 பிராண்டுகளை வைத்திருக்கும் ஸ்டெலாண்டிஸ் 2023 பிப்ரவரியில் அந்த ஆலையை நிறுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை இல்லை. அந்த உடன்பாட்டில், ஆலையை மறுபடி திறந்து பிக்கப் டிரக் தயாரிப்போம் என்று ஸ்டெலாண்டிஸ் எழுதிக் கொடுத்தது. வாக்குக் கொடுத்த முதலீட்டைச் செய்யாவிட்டால் வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் சங்கத்துக்குக் கிடைத்தது. எங்கே, எதைத் தயாரிப்பது என்பதில் சங்கம் கைவைக்கக் கூடாது என்று 1945இல் சாத்தப்பட்ட கதவு கொஞ்சம் திறந்தது.

திறந்ததா? 2024இல் ஸ்டெலாண்டிஸ் திட்டத்தைத் தள்ளிப்போட்டது. அதற்குள் ஜீப்பே தள்ளாடிக்கொண்டிருந்தது. 2018இல் அமெரிக்காவில் 970,000க்கும் மேல் விற்ற ஜீப், 2024இல் 600,000ஐக்கூட எட்டவில்லை. விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். செரோக்கியை நிறுத்திவிட்டு, நன்றாக விற்கும் நடுத்தர எஸ்யூவி பிரிவில் சில ஆண்டுகள் கார் இல்லாமலேயே இருந்தார்கள். சங்கம் கத்தியது. இந்த முறை தனியாக இல்லை. பிராண்டுகளைச் சீரழிக்கிறீர்கள் என்று அமெரிக்க டீலர்களே தலைமை நிர்வாகி கார்லோஸ் டவாரெஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். முந்திய ஆண்டு அவருடைய ஊதியம் 36.5 மில்லியன் யூரோ. 2024 டிசம்பர் 1இல் அவர் பதவி விலகினார்.

தென் மாநிலங்களில் நிலைமை கலவைதான். டென்னசியில் இருக்கும் வோக்ஸ்வாகன் ஆலையில் இரண்டு முறை தோற்ற சங்கம், 2024 ஏப்ரலில் 73 விழுக்காட்டு வாக்குகளுடன் உள்ளே நுழைந்தது. அடுத்த மாதமே அலபாமாவின் மெர்சிடிஸ் ஊழியர்கள் வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

ஸ்பிரிங் ஹில் ஆலை இன்னும் இருக்கிறது. ஜிஎம் அதை 2009இல் நிறுத்தி, 2012இல் திரும்பத் தொடங்கியது. இப்போது காடிலாக்கின் மின்சாரக் கார் அங்கே தயாராகிறது.

பெல்விடியரைப் பற்றி 2025 அக்டோபரில் புதிய அறிவிப்பு வந்தது. 600 மில்லியன் டாலருக்கும் மேல் முதலீடு, ஜீப் செரோக்கியும் காம்பஸும் அங்கே தயாராகும், 2027இல் தொடக்கம். ஒப்பந்தத்தில் அந்த ஊருக்கென்று எழுதியிருந்த பிக்கப் டிரக் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோவுக்குப் போகிறது. ஒப்பந்தம் முடியும் நாள் 2028 ஏப்ரல் 30. அடுத்த நாள் மே தினம். தேதியைச் சங்கம் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தது.